பாட்டு வந்த நேரம்

ஆகஸ்ட் 16, புதன்

காது ஆஸ்பத்திரியில ஷர்மிளான்னு ஒரு பொண்ணு இருக்குது. டாக்டர் இல்ல, காது எவ்வளவு கேக்குதுன்னு டெஸ்ட் பண்ற பொண்ணு. அதுதான் இந்த நோட்டுல எழுதச் சொல்லுச்சு. "அங்கிள், பாட்டு எப்பெப்ப வருதுன்னு நேரம் போட்டு எழுதிட்டு வாங்க. அப்ப என்ன செஞ்சுட்டு இருந்தீங்கன்னும் எழுதுங்க"ன்னு ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் காட்டுச்சு. என்னமோ எனக்கு எழுத வராதுன்னு நெனச்ச மாதிரி. ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தொம்பது வருசம், அதுல கடைசி முப்பது வருசம் மேஸ்திரி. எந்த மெசின் எத்தன மணிக்கு நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு சிப்டு தவறாம லாக் புக் எழுதின கை இது.

நடந்தது இதுதான். போன வாரம் பூரா பக்கத்து வீட்டுல ஒரே பாட்டை மறுக்கா மறுக்கா வெச்சுட்டு இருந்தாங்க. பொறுத்துப் பாத்தேன். ஞாயித்துக்கெழமை போயி கேட்டைப் புடிச்சு ஆட்டி, "ஏனுங்க வாத்தியாரே, வீடா இல்ல கலியாண மண்டபமா"ன்னு சத்தம் போட்டேன். என்ற சம்சாரம் சுலோச்சனா ஓடி வந்து கையப் புடிச்சா. கேட்டைக் காட்டுனா. பூட்டுத் தொங்குது. அவங்க திருப்பதி போயி நாலு நாளாச்சாம்.

அவ மூணு நாள் பொறுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. டாக்டருகிட்ட காது இரையுதுன்னு மட்டும்தான் சொன்னேன். அவ சீட்டு வாங்க வெளிய போனப்பதான் ஷர்மிளாகிட்ட உண்மையச் சொன்னேன். மரை கழண்டுபோச்சான்னு கேட்டேன். இல்லன்னு தலையாட்டுச்சு. எந்தப் பாட்டுன்னு கேட்டதுக்கு, ஏதோ பழைய பாட்டுன்னு சொல்லிப்போட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை 7.40, பேப்பர் படிக்கறப்ப. 11.15, சின்ன வெங்காயம் உரிக்கறப்ப. மத்தியானம் 3.00, சும்மா உக்காந்திருந்தப்ப. சாயங்காலம் தண்ணி லாரி வந்து நின்னப்ப பாட்டும் நின்னுருச்சு.

ஆகஸ்ட் 19, சனி

இன்னிக்கு ஒரு சோதனை பண்ணிப் பாத்தேன். பாட்டு வந்தப்ப ரெண்டு காதையும் உள்ளங்கையால இறுக்கி மூடினேன். கொறையல. வெளிய இருந்து வந்தாக் கொறையணுமில்ல. அப்ப மண்டைக்குள்ளதான் ஓடுது.

எந்தப் பாட்டுன்னு இந்த நோட்டுலயாவது எழுதி வெக்கறேன்.

"சங்கு ஊதும் நேரமாச்சு, சாமி – உங்க
சட்டையெல்லாம் பஞ்சுப் பூவாச்சு, சாமி."

இது ரேடியோவுல வந்த பாட்டில்ல. எங்க மில்லுப் பாட்டு. சங்குன்னா சிப்டு முடிஞ்சா ஊதற மில்லுச் சங்கு. பஞ்சு அரைக்கற டிப்பார்ட்மென்ட்ல இருந்த சின்னராசு எழுதுனான், ஆரோக்கியம் ஆர்மோனியத்துல மெட்டுப் போட்டான். 83ஆம் வருசம் ஆயுத பூசைக்கு மில்லு மேடையில பாடுனது. பாடுனது சுலோச்சனா. எங்களுக்குக் கலியாணமாகி ஒம்பது மாசம். மண்டைக்குள்ள இப்பப் பாடறதும் அவதான். அப்ப இருந்த அதே கொரலு. இருபத்திரண்டு வயசு. கண்ணாடித் தம்ளர்ல ஸ்பூனால தட்டுன மாதிரி இருக்கும்.

ஆனா முழுசா வரமாட்டேங்குது. "மூணாஞ் சிப்டு முடிஞ்சு வந்தா மொகங் கழுவ..."ன்னு வந்து, அங்கயே அந்துபோகுது. அப்பறம் மறுபடியும் சங்குல இருந்து ஆரம்பிக்குது. எத்தன தடவ கேட்டாலும் அந்த "கழுவ"வைத் தாண்டல. அன்னிக்கு மேடையில பாட்டுப் பாதியில கரண்டு போயிருச்சு. அதனாலதான் இருக்கும்.

ஆகஸ்ட் 23, புதன்

காலை 8, 10.30, மத்தியானம் 2, 4.15.

காது எப்பப் போச்சுன்னு டாக்டர் கேட்டாரு. யாருக்குத் தெரியும். நூலு நூக்கற ரிங் ஃபிரேம் ஓடற ஷெட்டுக்குள்ள நின்னு பாத்திருக்கணும் நீங்க. பக்கத்துல நிக்கறவன் கத்துனாலும் கேக்காது. எல்லாப் பேச்சும் வாயப் பாத்துத்தான், கையப் பாத்துத்தான். கட்டை வெரல வாய்க்குக் கொண்டு போனா டீ. மேல ஒரு வெரல சுத்துனா சூப்பர்வைசர் வர்றான்னு அர்த்தம். வருசக்கணக்கா அப்படியே பேசிப் பேசி, காது போனதே எனக்குத் தெரியல. வீட்டுலயும் வாயப் பாத்துப் பதில் சொல்லிட்டு இருந்தேன். முதுகு காட்டிப் பேசுனா "ம்"னு சொல்லிருவேன். ஆறேழு வருசத்துக்கு முன்னாடி அப்படி ஒரு "ம்" சொன்னதுலதான் வீட்டுக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடிச்சுப்போட்டாங்க. கொரோனா வந்து எல்லாரும் மூஞ்சிக்கு மாஸ்க் போட்டப்பதான் குட்டு ஒடஞ்சுது. ஒரே நாள்ல செவுடன் ஆயிட்டேன்.

சுலோச்சனா அப்ப நூலு சுத்தற கோன் வைண்டிங்ல இருந்தா. மெசின் ஓடறப்பப் பாடிட்டே வேலை செய்வா. யாருக்கும் கேக்காதுங்கற தைரியம். சத்தமே இல்லாம வாய் மட்டும் அசையும். நான் அக்கட்டப் போற மாதிரி போயி, வாயப் பாத்துட்டு வருவேன். அவ பாட்டைக் காதுல கேக்கறதுக்கு முன்னாடியே கண்ணுல கேட்டவன் நான். அதுலதான் விழுந்தேன். இத ஷர்மிளாகிட்டக் காட்டும்போது இந்தப் பக்கத்த மட்டும் மடிச்சு வெச்சுக்கணும்.

ஆகஸ்ட் 26, சனி

பேக்கரியில ஆரோக்கியத்தப் பாத்தேன். ஆர்மோனியம் வாசிச்ச அதே ஆரோக்கியம்தான். இப்ப ரெண்டு முட்டியும் மாத்திட்டு, கைப்புடி வண்டியோட நடக்கறான். டீயும் தேங்கா பன்னும் வாங்கிக் கொடுத்து, மெல்ல அந்தப் பாட்டப் பத்திக் கேட்டேன்.

"அடுத்த அடி என்னடா? மூணாஞ் சிப்டு முடிஞ்சு வந்தா, அப்பறம்?"

"ஏப்பா கிட்டு, எனக்கு மெட்டு தெரியும், எழுத்து சின்னராசுதான். அவன் போயிச் சேந்துட்டான். வீட்டுலயே பாடகிய வெச்சுட்டு என்னயக் கேக்கற?"

"அன்னிக்குத்தான் கரண்டு போயிருச்சே, முழுசா எங்க கேட்டேன்."

ஆரோக்கியம் பன்னை டீயில முக்கறத நிறுத்திட்டு என்னப் பாத்தான். வாயத் தெளிவா அசைச்சு அசைச்சுச் சொன்னான்: "கரண்டு எங்கடா போச்சு? லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தான இருந்துச்சு."

பாவம், அவனுக்கும் வயசாச்சு. எல்லாம் மறந்துபோகுது.

ஆகஸ்ட் 30, புதன்

நோட்டைப் பாத்துட்டு ஷர்மிளா நெம்ப சந்தோசப்பட்டுச்சு. இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிட்டு வந்ததில்லையாம். பின்ன.

எனக்குப் புரியற மாதிரிதான் சொல்லுச்சு. பாட்டைக் கேக்கறது காது இல்லையாம், மூளையாம். காது வெறும் தபால்காரன். தபால் வந்துட்டே இருந்தா மூளைக்கு அதப் பிரிக்கவே நேரம் சரியாப் போயிரும். தபால் நின்னுபோனா மூளை கையக் கட்டிட்டு உக்காராது. உள்ள அடுக்கி வெச்ச பழைய சரக்கை எடுத்து ஓட்ட ஆரம்பிச்சுருமாம். நெசப் பாட்டக் கேக்கறப்ப மூளையில எங்கெங்க வேலை நடக்குமோ, இதுக்கும் பெரும்பாலும் அங்கதான் நடக்குமாம். அதனாலதான் பக்கத்து வீட்டுப் பாட்டுன்னு சண்டைக்குப் போனேன். காது மந்தமானவங்க நெறையப் பேருக்கு வருமாம், வெளிய சொல்றதில்லையாம். பைத்தியம் இல்ல அங்கிள்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. கேக்கக் கேக்க எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"ஏன் ஒரே எடத்துல நிக்குது?"

"உள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான ஓட்ட முடியும்? அதுக்கு மேல நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

அப்பறம் காது மெசின் ஒண்ண எடுத்துக் காட்டுச்சு. எடது காதுல ஒண்ணுமே மிச்சமில்ல, வலது காதுக்குப் போட்டா நல்லாக் கேக்குமாம். பேச்சு கேக்கும், பறவை கேக்கும், கேக்கக் கேக்க மூளைக்கு வேலை வந்துரும்.

"அப்ப இந்தப் பாட்டு?"

"அது மெல்ல மெல்லப் போயிரும் அங்கிள். அதுக்குத்தானே வந்தீங்க?"

யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

காலை 7.10. நல்ல தெளிவு. காப்பி ஆறிப்போறது தெரியாமக் கேட்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

மெசின் வேண்டாம்னு சுலோச்சனாகிட்டச் சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா. "இந்த வயசுல காதுல எதுக்கு அந்தக் கருமம், உன்ற வாயப் பாத்தாலே எனக்குப் போதும்"னேன். அவ "செரிங்க, உங்க இஷ்டம்"னு அரிசி களையப் போயிட்டா.

பொய்யில்ல, ஆனா முழு உண்மையும் இல்ல. அவளோட எளவயசுக் கொரலு இந்த ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. அப்ப யாருகிட்ட டேப் ரிக்கார்டர் இருந்துச்சு? என்ற மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்குது. அதத் தொலைச்சுட்டு, காக்காயும் குக்கர் விசிலும் கேட்டு நான் என்ன பண்ணப் போறேன்.

இப்ப அவ கொரலு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்கறது இன்னிக்குத்தான் மனசுல பட்டுச்சு. தெனமும் பேசறா. வாய் அசையறதுதான் தெரியும்.

செப்டம்பர் 8, வெள்ளி

கை வரமாட்டேங்குது, ஆனாலும் எழுதறேன்.

காலை 10.20ல இருந்து 11 வரைக்கும் பாட்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள ஆசாரத்துல நாற்காலியில கண்ண மூடி உக்காந்திருந்தேன். இதுவரைக்கும் வந்ததுலயே இன்னிக்குத்தான் நெம்பத் தெளிவு. ஆர்மோனியம்கூடப் பின்னாடி கேட்டுச்சு. பதினோரு மணிக்கு டீ வரலையேன்னு எந்திரிச்சுப் போனேன்.

வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில, துணி தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல, சுலோச்சனா கீழ கெடந்தா. பாசி வழுக்கியிருக்குது. ஒரு கால் மடங்கி உடம்புக்கு அடியில மாட்டிக்கிச்சு. சீலையெல்லாம் சோப்புத் தண்ணி. நாப்பது நிமிசமாக் கூப்பிட்டிருக்கா. மொதல்ல என்னக் கூப்பிட்டு, அப்பறம் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டு, அப்பறம் சோப்பு டப்பாவ எடுத்துக் கதவு மேல எறிஞ்சிருக்கா. டப்பா என்ற நாற்காலிக்கு ஆறடி தள்ளிக் கெடந்துச்சு.

எலும்பு ஒடையல, ஜவ்வு கிழிஞ்சிருக்குது. மூணு வாரம் கால ஊணக்கூடாதாம். ஆட்டோவுல திரும்பி வர்றப்ப என் பக்கம் திரும்பி, "நீங்க தூங்கிட்டீங்களாட்ட இருக்குது"ன்னு சொன்னா. நானும் ஆமான்னு சொன்னேன்.

தூங்கல. அவ அங்க கத்திட்டு இருந்தப்ப நான் இங்க அவளைத்தான் கேட்டுட்டு இருந்தேன்.

செப்டம்பர் 13, புதன்

மெசின் போட்டாச்சு.

மொதல்ல ஒரு "கொய்ங்". அப்பறம் எல்லாம் ஒரேயடியா வந்து விழுந்துச்சு. ஃபேன், நாற்காலி இழுக்கறது, யாரோ பாலிதீன் பைய கசக்கறது. பேப்பர் திருப்பறதுக்கெல்லாம் சத்தம் உண்டுங்கறதே மறந்துபோச்சு. ஷர்மிளாவோட கொரலு சின்னப் புள்ளையாட்ட இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தேன். கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருந்த சுலோச்சனா, "கேக்குதுங்களா?"ன்னா.

கேட்டுச்சு. ஆனா அது வேற யாரோ ஒரு பொம்பள. கட்டைக் கொரலு. நடுவுல மூச்சு வாங்குது. வாயப் பாத்தேன், வாய் என்ற பொண்டாட்டி வாய்தான். "ம்"னு சொன்னேன்.

மெசினுக்கு மாத்திரை சைசுல பேட்டரி. ஆறு இருக்கற அட்டை கொடுத்தாங்க. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஆரஞ்சு ஸ்டிக்கர், அத உரிச்சாத்தான் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில போட்டு விட்ட டெஸ்ட் பேட்டரி சாயங்காலமே தீந்துருச்சு. நூலு அறுத்து அறுத்து மரத்துப்போன என்ற வெரலுக்கு அது அகப்படல, சுலோச்சனாதான் மாட்டி விட்டா. உரிச்ச ஸ்டிக்கரக் கீழ போடாம, சமையல்கட்டுக் காலண்டர்ல இன்னிக்குத் தேதி மேல ஒட்டச் சொன்னா. எப்ப மாத்துனோம்னு தெரியுமாம். மேஸ்திரிக்கு மேல மேஸ்திரி.

செப்டம்பர் 16, சனி

நான்தான் சமையல். ரசம் தாளிக்கறப்பக் கடுகு வெடிச்சதுல பயந்து கரண்டியக் கீழ போட்டுட்டேன். அவ கட்டில்ல இருந்து சிரிச்சது கேட்டுச்சு. சிரிப்பு மட்டும் மாறல.

ரேடியோவப் போட்டுப் பாத்தேன். பேச்சு புரியுது. பாட்டு வந்தா தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்குது. ஷர்மிளாவுக்கு போன் போட்டேன். மெசின் பேச்சுக்காகச் செஞ்சது அங்கிள், பாட்டுக்கு மூளை பழகறதுக்கு இன்னும் நாளாகும்னு சொல்லுச்சு.

பாட்டு: ஒரு தடவ. காலை 6.30, மெசின் மாட்டறதுக்கு முன்னாடி.

செப்டம்பர் 24, ஞாயிறு

பேட்டரி மாத்தினா. காலண்டர்ல ரெண்டாவது ஸ்டிக்கர்.

செப்டம்பர் 27, புதன்

காலை 6.10. "சங்கு ஊதும் நேரமாச்சு"ங்கறது மட்டும். அதுவும் அடுத்த தெருவுல பாடற மாதிரி.

அக்டோபர் 2, திங்கள்

அஞ்சு நாளாப் பாட்டு வரல. காலையில மெசினக் கழட்டி வெச்சு, நாற்காலியில கண்ண மூடி ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. போயிருச்சு.

மகள் பிரேமலதா ஓசூர்ல இருந்து போன் பண்ணுனா. இத்தன வருசத்துல மொதல் தடவையா அவகிட்ட நானே போன்ல பேசினேன். பேச்சுவாக்குல, உங்கம்மா பாடி நீ கேட்டிருக்கியான்னு கேட்டேன்.

"என்னப்பா இப்படிக் கேக்கறீங்க? அம்மா எப்பவும் பாடிட்டேதான இருப்பாங்க. நான் பள்ளிக்கூடத்துல இருந்து வர்றப்ப வாசல் வரைக்கும் கேக்கும்."

"நான் கேட்டதில்லையே."

"நீங்க சிப்டு முடிஞ்சு வந்தா நிறுத்திருவாங்கப்பா. அப்பாவுக்குப் பாட்டுன்னாப் புடிக்காதுன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன்."

போனை வெச்சுட்டு நோட்டை எடுத்தேன்.

இனி மறைச்சு என்ன ஆகப் போகுது. கரண்டு போகல. பின்னாடி பெஞ்சுல நாலஞ்சு பேரு விசில் அடிச்சானுங்க. ஒருத்தன், "மேஸ்திரி சம்சாரம் சூப்பருங்கோ"ன்னான். நான் அந்த வருசம்தான் மேஸ்திரி ஆயிருந்தேன். நாளைக்கு இவனுங்களை எப்படி வேலை வாங்கறதுன்னு ஒரே கொதிப்பு. மேடைக்குப் பின்னால போயி மைக்கு வயரப் புடிச்சு இழுத்துட்டேன். "மொகங் கழுவ"ன்னு அவ பாடிட்டு இருந்தா. அப்பறம் வாய் மட்டும் அசஞ்சுது. கொஞ்ச நேரம் அசஞ்சு, நின்னுருச்சு. நானே முன்னால வந்து, கரண்டு போயிருச்சுன்னு சொன்னேன். எல்லாருகிட்டயும் சொன்னேன். அவகிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிருச்சு.

அதுக்கப்பறம் அவ என் முன்னாடி பாடுனதே இல்ல. பாடுன்னு நானும் ஒருக்காகூடச் சொல்லல. உள்ள இருக்கறதத்தான ஓட்ட முடியும்னு அந்தப் பொண்ணு சொன்னது எவ்வளவு செரி. மிச்சத்த நான்தான் உள்ள விடாமப் பண்ணிட்டேன்.

அக்டோபர் 4, புதன்

சுலோச்சனா நல்லா நடக்கறா. சமையல்கட்டுக்குத் திரும்பிட்டா, என்ற ரசத்துல இருந்து ரெண்டு பேரும் தப்பிச்சோம்.

காலையில பேப்பர் எடுக்கப் போனப்ப, உள்ள இருந்து ஒரு முனகல் கேட்டுச்சு. மொதல்ல மிக்சின்னு நெனச்சேன். இல்ல. "சட்டையெல்லாம் பஞ்சுப் பூவாச்சு"ன்னு வந்துச்சு. கட்டைக் கொரலு, மூச்சு வாங்கற கொரலு. மண்டைக்குள்ள இல்ல. காத மூடிப் பாத்தேன், கொறஞ்சுது.

கையில பேப்பரோட கதவுகிட்டப் போயி நின்னேன். திரும்பிப் பாத்தா. என் காதுல மெசினப் பாத்தா. நிறுத்திட்டா.

"தோசைக்குச் சட்னிங்களா, பொடிங்களா?"

"எதுவா இருந்தாலும் செரி"ன்னேன்.

அக்டோபர் 5, வியாழன்

சமையல்கட்டுல பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

அக்டோபர் 7, சனி

இன்னிக்கு ஒரு பொய் சொன்னேன். காலையில எந்திரிச்சதும், காதைத் தட்டிக் காட்டி, "பேட்டரி தீந்துருச்சாட்ட இருக்குது, ஒண்ணுமே கேக்கல"ன்னேன். மாத்திப் பதிமூணு நாளாச்சு, நம்பற மாதிரிதான் இருந்துச்சு. இத்தன வருசமாக் கேக்காமயே கேக்கற மாதிரி நடிச்சவனுக்கு, கேட்டுட்டே கேக்காத மாதிரி நடிக்கறதா கஷ்டம்.

அவ என் மூஞ்சியப் பாத்து வாயத் தெளிவா அசைச்சுச் சொன்னா: "பேட்டரி எல்லாம் தீந்துபோச்சுங்க. அடுத்த சனிக்கெழமை டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கலாம்."

அட்டையில ஆறு இருந்துச்சேன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. சரி, எண்ணிப் பாக்கறதெல்லாம் அவ சோலி. மெசினக் காதுலயே வெச்சுக்கறேன், இல்லன்னாப் பழக்கம் விட்டுப்போயிரும்னேன். அதுவும் செரிதான்னா.

அக்டோபர் 8, ஞாயிறு

காலை 7.20. பாட்டு வந்துச்சு.

நான் ஆசாரத்துல பேப்பரத் தலைகீழாப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவ அடுப்புகிட்ட நின்னு, சங்குல ஆரம்பிச்சா. மெசின்ல பாட்டு தகர டப்பாவாட்டக் கேக்கும்னு எழுதினேனில்ல. இது அப்படி இல்ல. மூளைக்கு இந்தப் பாட்டு முன்னாடியே தெரியும், விட்டுப்போன எடத்தையெல்லாம் அதுவே நெரப்பிக்குது போல. மூணாஞ் சிப்டு வந்துச்சு. "மொகங் கழுவ"ன்னு வந்துச்சு. நான் மூச்சை நிறுத்திட்டேன்.

அவ நிறுத்தல.

"மூணாஞ் சிப்டு முடிஞ்சு வந்தா மொகங் கழுவ – வாசப்
படியில் தண்ணி வெச்சு நானும் வழி பாத்தேன், சாமி.
காதுக்குள்ள மெசினு ஓடும், கண்ண மூடுங்க – இன்னிக்குக்
கேக்காத பேச்செல்லாம் நாளைக் கேளுங்க, சாமி."

அவ்வளவுதான் பாட்டு. ஆறே வரி. இத முழுசாக் கேக்க எனக்கு நாப்பது வருசமாச்சு. பேப்பரை மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டு அழுதேன். தோசை கருகற வாசம் வந்தப்பதான் அவளும் நிறுத்துனா.

அக்டோபர் 9, 10, 11

காலை 7.15. காலை 7.30. காலை 7.10, மறுக்கா 11 மணிக்குக் கீரை ஆயறப்ப.

அக்டோபர் 12, வியாழன்

ஆயுத பூசை எந்தக் கெழமைன்னு பாக்கறதுக்குச் சமையல்கட்டுக் காலண்டர்கிட்டப் போனேன். 23, திங்கள். அவ கடைக்குப் போயிருந்தா.

காலண்டர்ல ஆரஞ்சு ஸ்டிக்கர் மூணு இருந்துச்சு. செப்டம்பர் தாள்ல 13, 24. அக்டோபர் தாள்ல 6.

ஆறாந் தேதி, வெள்ளிக்கெழமை. நான் பொய் சொன்னது ஏழாந் தேதி. மொத நாளே அவ பேட்டரிய மாத்தியிருக்கா, நான் குளிக்கப் போனப்ப மாத்தியிருப்பா. அலமாரியத் தொறந்து பாத்தேன். அட்டையில மூணு பேட்டரி பத்திரமா இருக்குது.

அப்ப எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சேதான் பாடியிருக்கா. அலமாரிய மூடிட்டு வந்து உக்காந்துட்டேன்.

அக்டோபர் 14, சனி

டவுனுக்குப் போயிட்டு வந்தோம். "பேட்டரி வாங்கியாச்சுங்க"ன்னு அதே பழைய அட்டையில இருந்து ஒண்ண எடுத்து மாட்டுனா. நானும் ஒண்ணும் கேக்கல. இனிக் கேக்கலைன்னு சொல்ல எனக்கும் வழியில்ல, பாடறதுக்கு அவளுக்கும் வழியில்ல.

அக்டோபர் 18, புதன்

பாட்டு இல்ல. உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. ஷர்மிளாகிட்ட நோட்டைக் காட்டுனா, நல்லா குணமாயிட்டீங்க அங்கிள்னு சொல்லும்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை. காலையிலயே அரிவாமனை, தையல் மெசின், மிக்சி, என்ற பழைய ஸ்பேனர் எல்லாம் கழுவித் தொடைச்சு வரிசையா வெச்சோம். சந்தனம் குங்குமம் வெச்சுட்டே வந்த சுலோச்சனா, கடைசியில என்கிட்ட வந்து கைய நீட்டுனா.

"அதயும் குடுங்க. நம்ம வீட்டுல இப்ப தெனமும் ஓடற மெசின் அதுதான். இன்னிக்கு அதுக்கும் லீவு."

கழட்டிக் கொடுத்தேன். ஒரு வெத்தலை மேல வெச்சு, பட்டும்படாம ஒரு பொட்டு வெச்சா. வீடு சத்தமில்லாமப் போயிருச்சு. மணிய ஆட்டுனா, ஆடறது மட்டும் தெரிஞ்சுது. சூடம் எரிஞ்சுது.

இதே நாள்தானே. என்னமோ எனக்குத் தாங்கல. என்ற பேச்சு எனக்கே கேக்காதுங்கறது ஒரு வசதிதான்.

"சுலோ, அன்னிக்குக் கரண்டு போகல. வயரப் புடுங்குனது நான்தான்"னு சொல்லிட்டேன். எவ்வளவு சத்தமாச் சொன்னேன்னு தெரியல. வாத்தியார் வீட்டு ஜன்னல்ல தலை தெரிஞ்சுது.

அவ சூடத் தட்டைக் கீழ வெச்சா. நேரா என் முன்னால வந்து, வெளிச்சம் அவ மூஞ்சியில விழற மாதிரி நின்னா, மில்லுல நிக்கற மாதிரி. வாய மெல்ல அசைச்சா.

"தெரியுமுங்க. லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தானே இருந்துச்சு."

"அப்பறம் ஏன் ஒருக்காகூடக் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"நாப்பது வருசமாவா?"

கண்ணத் தொடைச்சுக்கிட்டா. தப்புப் பண்ணிட்டேன் புள்ளன்னு சொன்னேன். அவ கட்டை வெரல வாய்க்குக் கொண்டு போயி, என்னப் பாத்துப் புருவத்தத் தூக்குனா. டீ வேணுமான்னு அர்த்தம். மில்ல விட்டு வந்தப்பறம் அந்தச் சாடை காட்டுனது இன்னிக்குத்தான்.

வேணும்னேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலை 7.15. பாட்டு வந்துச்சு, சமையல்கட்டுல இருந்து. முழுசா, ரெண்டு தடவ. நான் பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சுட்டு இருந்தேன். மெசின் காதுலதான் இருந்துச்சு, அவதான் மாட்டி விட்டா.